குட்டி ஈச்சை நட்ட வருசம்

அங்க நிக்காதீங்க சார், ஈச்சை மட்டையில முள்ளு இருக்கு. பாக்கத்தான் சாதுவா இருக்கும், அடிமட்டை ஓரத்துல ஊசி ஊசியா வெச்சிருக்கு. போன வாரம் கணக்குப்பிள்ளை வந்து இப்படித்தான் சாஞ்சு நின்னாரு. வேட்டி கிழிஞ்சு போச்சு. நான் சிரிக்கலீங்க, அவரு வரப்பு தாண்டுற வரைக்கும் சிரிக்கல. வாங்க, இப்படி நெழல்ல வாங்க. பலகை போட்டிருக்கேன், உக்காருங்க. சைக்கிள வேலியில சாத்திடுங்க. எவனும் எடுக்க மாட்டான், எடுக்கிறதுக்கு இங்க ஆளே கெடையாது.

ஆமாங்க, அம்சவல்லி நான்தான். மனு போட்டதும் நான்தான். எழுத்து என் எழுத்துதாங்க, அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன். விவசாயச் சங்கத்து ஆபீசுல ஒருத்தரு எழுதித் தர்றேன்னாரு. வேணாங்க, நானே எழுதுறேன், தப்பு இருந்தா திருத்துங்கன்னேன். ரெண்டு தப்புதான் இருந்துச்சு.

நடவுக்குப் போவலியான்னா கேக்குறீங்க? போவணும்தான். மேலத்தெரு குத்தகைக்காரரு வயல்ல இன்னிக்குக் கடைசி நடவு. ரெவின்யூ ஆபீசுலேருந்து ஆர்.ஐ. சார் விசாரணைக்கு வர்றாருன்னு தாக்கீது வந்தப்புறம் எப்படிங்க போறது? நீங்க வர்ற நேரத்துல வீடு பூட்டிக் கெடந்தா, பாத்தீங்களா சார், ஆளே இல்லன்னு பண்ணைக் காரியக்காரரு சாரங்கபாணி சொல்லிட மாட்டாரா? அதான் காலையில இருந்து வாசல்லயே கெடக்கேன். ரெண்டு தடவ கூட்டிட்டேன். மூணாவது தடவ கூட்டலாம்னு வெளக்குமாத்த எடுத்தேன், உங்க சைக்கிள் மணி கேட்டுச்சு.

டீ போடட்டுங்களா? பாலு இல்ல, ஆடு சினையா இருக்கு. வெறும் டீதான். டம்ளர் வெளக்கி வெச்சிருக்கேன். குடிக்கிறதுன்னா குடிங்க, வேணாம்னா மனசுல வெச்சுக்க மாட்டேன். பண்ணையாரு வீட்டுல காப்பி குடிச்சிட்டுத்தான் வந்திருப்பீங்க. சும்மா சொன்னேங்க, கோவிச்சுக்காதீங்க. யாரு வந்தாலும் மொதல்ல அந்த வீட்டுக்குத்தானே போவாங்க, அது தார் ரோட்டு மேல இருக்கு. இங்க வர வரப்புல எறங்கணும்.

குடிக்கிறீங்களா? நல்லதுங்க. இருங்க, அடுப்பு கனிஞ்சுதான் இருக்கு. நான் பாட்டுக்கு இங்கேருந்தே பேசுறேன், உங்களுக்குக் கேக்கும். வீடு அவ்வளவுதானே.

விசயம் உங்களுக்குத் தெரியாததில்ல. எழுபத்தொண்ணு ஜூன் மாசத்துல யாரு எந்த மனையில குடியிருந்தாங்களோ, அந்த மனை அவங்களுக்கே சொந்தம்னு சர்க்கார் சட்டம் போட்டிருக்கு. மிராசு நெலமா இருந்தாலும் சரி. அதான் நான் மனு போட்டேன். பண்ணையாரு பஞ்சநதம் என்ன சொல்றாரு? எழுபத்தொண்ணுல இங்க வீடே கெடையாது, எழுபத்துமூணுல மாட்டுக்கொட்டகை போட்டோம், இந்தப் பொம்பள அதுல வந்து பூந்துக்கிட்டாங்கிறாரு. நானும் படிச்சேங்க, நகல் குடுத்தாங்க. சாட்சி ஒருத்தரு எழுதிக் குடுத்திருக்காரே, அதையும் படிச்சேன். அத அப்புறம் பேசுவோம். மொதல்ல நீங்க கண்ணால பாக்குறதப் பாருங்க. கண்ணால பாத்துட்டு அதுலயே ஒரு முடிவுக்கு வந்துட்டீங்கன்னா காயிதத்துப் பக்கமே போவ வேணாம் பாருங்க.

இந்தாங்க, டீ. சக்கரை பத்தலன்னா சொல்லுங்க.

இந்த வரிசையில அஞ்சு வீடு இருந்துச்சு. அந்தா மேடு மேடாத் தெரியுதே, அதெல்லாம் அடுப்படி மேடு. நாலு வீட்டுக்காரங்களும் ரோட்டோரம் போயிட்டாங்க. பண்ணையாருதான் மூங்கிலும் கீத்தும் குடுத்து, போயி ரோட்டோரம் போட்டுக்கங்க, பஸ்ஸு இருக்கு, பைப்பு இருக்குன்னு அனுப்பி வெச்சாரு. அது பொறம்போக்குங்க. நாளைக்கு ரோட்ட அகலம் பண்ணா எங்க போவாங்க? சொன்னேன். நீ படிச்சவ, உனக்கு எல்லாம் தெரியும்னு சிரிச்சாங்க. பக்கத்து வீட்டு ரெங்கம்மா அக்கா மட்டும் போறப்ப ஒரு உரலக் குடுத்துட்டுப் போச்சு. இங்கயே கெடக்கட்டும்டி, அப்பப்ப வந்து இடிச்சிட்டுப் போறேன்னுச்சு. இன்னும் வரல. அரை மைலுதான் இருக்கும்.

இப்ப நானும் எம் பொண்ணு ராஜாத்தியும்தான். அவ ஒண்ணாவது போறா. காலையில அவளக் கொண்டு போயி விட்டா, மறுபடி கூப்பிடப் போற வரைக்கும் வாயத் தொறக்க வழியே கெடையாது. அதான் இப்படிப் பேசுறேன், தப்பா நெனைக்காதீங்க. ஆள் கெடைச்சா விட மாட்டேன். மீன்காரரு ஹார்ன் அடிச்சுக்கிட்டு வருவாரு, என்னப் பாத்தா அடிக்காம போயிடுவாரு, இந்தம்மா புடிச்சா அரை மணி நேரம் போயிடும்னு. ஆடு, கோழி, அப்புறம் இந்த ஈச்சை, இதுங்ககிட்டதான் பேச்சு. ஈச்சை பரவால்லீங்க, நடுவுல எழுந்து போவாது.

அதத்தான் சொல்ல வந்தேன். இது என்ன மரம்னு தெரியுதுங்களா? பனை இல்ல, தென்னை இல்ல. வரப்போரம் மொளைக்கிற காட்டு ஈச்சையும் இல்ல. எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. காட்டு ஈச்சைய வெட்டி வெட்டி எறியிறோம், நீ அதுக்குக் கொடம் கொடமாத் தண்ணி ஊத்துறியேன்னு ரெங்கம்மா அக்கா கேலி பண்ணும். இது அழகுக்கு வெக்கிறது. பங்களாவுல எல்லாம் வாசல்ல வெப்பாங்க. இதுக்கு மேல பெருசா வளராது, ஆள் ஒசரம் வந்தாலே அதிசயம். ஓலையப் பாருங்க, எப்படி நைசா வளைஞ்சு தொங்குதுன்னு. எண்ணெ தடவி சீவி விட்ட மாதிரி. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி ஒரு வேலையும் செய்யாம நிக்கும். நாங்க குட்டி ஈச்சைன்னுதான் சொல்றது.

இது எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. பண்ணையாரு மூத்த பொண்ணுக்குக் கல்யாணம். எழுபது, வைகாசி மாசம். நீங்க யார வேணாலும் கேளுங்க, ரெண்டு நாளு ரோட்டுல பஸ்ஸு போவல, அவ்வளவு காரு. தஞ்சாவூர்லேருந்து லாரியில செடி வந்து எறங்குச்சு. பந்தக்கால் ரெண்டு பக்கமும் வரிசையா வெக்க. அதுக்குன்னு சிமெண்ட்டுத் தொட்டி பன்னண்டு வார்த்தாங்க, இங்கயே, களத்துல வெச்சு. ஒவ்வொரு தொட்டியிலயும் பண்ணையாரு பேரோட மொத எழுத்தும் வருசமும் அச்சு. அந்தக் குடும்பத்துல அப்படி ஒரு பழக்கங்க. மதகு கட்டுனாலும் வருசம் போடுவாங்க, மாட்டுத்தொட்டி கட்டுனாலும் வருசம் போடுவாங்க.

கல்யாணம் முடிஞ்சு பந்தலப் பிரிக்கிறப்ப ஒரு தொட்டி கீழ விழுந்து வாய் ஒடைஞ்சு போச்சு. செடியும் ஒரு பக்கம் மட்டை முறிஞ்சு கெடந்துச்சு. அத அப்படியே எருக்குழியில தள்ளச் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு அப்ப பண்ணையில ஆளு. தள்ளப் போனவரு தள்ளாம தலையில வெச்சுத் தூக்கிட்டு வந்துட்டாரு. சிமெண்ட்டுத் தொட்டியோட. கழுத்து ஒடிஞ்சிருக்கும். நான் அப்ப முழுவாம இருக்கேன், மசக்கை. கல்யாண வீட்டுலேருந்து வர்றாரே, ஒரு ஜாங்கிரியாவது வேட்டியில முடிஞ்சிட்டு வருவாருன்னு வாசல்லயே நிக்கிறேன். இவரு செடியத் தூக்கிட்டு வர்றாரு. இத அவிச்சுத் திங்கிறதா, பொரிச்சுத் திங்கிறதான்னேன். சிரிச்சுக்கிட்டே, வாசலுக்குடி, நம்ம வாசலும் வாசல்தானேன்னாரு.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் ஒண்ணும் சொல்லல.

நட்டது ரெண்டு பேரும் சேந்துதான். அவரு குழி வெட்டுனாரு, நான் தண்ணி ஊத்துனேன். நட்டதும் தப்பாத்தான் நட்டோம். எங்களுக்கு நடவுன்னா என்ன தெரியும்? சேத்துல வெச்சுத் தண்ணியக் கட்டுறதுதான். நெல்லு அப்படி, வாழை அப்படி. இதையும் பள்ளத்துல வெச்சு, சுத்தி வரப்புப் போட்டு, தெனம் தண்ணி நிக்க வெச்சேன். களிமண்ணு, தண்ணி எறங்கவே இல்ல. ஆடி மாசத்துக்குள்ள ஓலையெல்லாம் மஞ்சளாப் போச்சு. நான் என்னடா தண்ணி பத்தலியான்னு இன்னும் ரெண்டு கொடம் ஊத்துறேன். அப்புறம் பண்ணைத் தோட்டத்துல பூச்செடி பாக்குற அமிர்தலிங்கம் பெரியப்பா பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாரு. இது நெல்லுப் பயிராடி, வேரு மூச்சு முட்டி அழுவுதுடின்னாரு. அப்புறம்தான் எடுத்து மேடு கட்டி, ஆத்து மணலு ரெண்டு கூடை கலந்து, அந்த ஒடைஞ்ச தொட்டியோடவே மறுபடி வெச்சோம். தொட்டியக் கழட்டுனா வேரு அறுந்துடும்னாரு பெரியப்பா. அன்னிலேருந்து வாரத்துக்கு ரெண்டு கொடந்தான். சாம்பலு, ஆட்டுப் புழுக்கை, அவ்வளவுதான். காஞ்ச மட்டைய மட்டும் அறுப்பேன். பச்சையில கை வெக்க மாட்டேன், நடுக்குருத்துப் பக்கம் கையக் கொண்டு போவவே மாட்டேன். குருத்து போனா மரமே போயிடும்.

என்ன கேட்டீங்க? ஏன் தென்னை வெக்கலன்னா? நல்லாக் கேட்டீங்க சார். இது நீங்க இந்தப் பக்கத்து ஆளு இல்லன்னு காட்டுது. பண்ணை மனையில தென்னை வெக்க முடியுமாங்க? நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல ஒரு தென்னம்பிள்ளை வெச்சேன். மறுநா காலையில சாரங்கபாணி வந்து புடுங்கி வாய்க்கால்ல எறிஞ்சிட்டாரு. திட்டக்கூட இல்ல, பேசிக்கிட்டே புடுங்குனாரு. முருங்கை வெச்சுக்கலாம், வாழை வெச்சுக்கலாம், பூசணி போட்டுக்கலாம். காத்து அடிச்சா விழுறது எதுவா இருந்தாலும் வெச்சுக்கலாம். நெலச்சு நிக்கிறது எதுவும் கூடாது. தென்னை, மா, புளி, மூச்சு விடக் கூடாது. மரம் நின்னா மனுசனும் நின்னுடுவான்னு அவங்களுக்குத் தெரியும்.

அப்ப இத மட்டும் எப்படி விட்டாங்கன்னுதானே? விட்டது சாரங்கபாணி இல்ல, பண்ணையாரே விட்டாரு. ஐப்பசி மாசம் ராஜாத்தி பொறந்து பத்து நாளு இருக்கும். வரப்பு பாக்க வந்தவரு இந்தப் பக்கம் வந்தாரு. கொடையோட நின்னு பாத்தாரு. நான் புள்ளையத் தூக்கிட்டு உள்ள ஓடப் பாத்தேன். இது நம்ம வீட்டுச் செடிதானேன்னாரு. எங்க வீட்டுக்காரரு, எருக்குழிக்குப் போனதுங்கன்னு தலையச் சொறிஞ்சாரு. காய்க்குமாடான்னு கேட்டாரு. காய்க்காதுங்கன்னாரு. நெழலாவது தருமா? தராதுங்க. அப்ப என்னத்துக்குடா இதுன்னு சிரிச்சாரு, சரி கெடந்துட்டுப் போவட்டும்னுட்டாரு. அவரு வாயாலயே சொன்னாருங்க, என் காது கேக்க, இந்த எடத்துல நின்னு. எழுபதுல. மாட்டுக்கொட்டகை வாசல்ல நின்னா அவரு அதச் சொன்னாரு?

மூணாம் வருசம் இதுல பூ வந்துச்சு பாருங்க, சோளக்கருது மாதிரி மஞ்சளா. நான் பயந்துட்டேன். காய்ச்சிடப் போவுதேன்னு. காய்ச்சா, பண்ணையாரு கண்ணுல பட்டா, காய்க்காதுன்னு சொல்லித்தானே வெச்சீங்கன்னு புடுங்கச் சொல்லிட்டா? கத்தரிக்கோல எடுத்துக் கொத்தோட வெட்டி அடுப்புல போட்டுட்டேன். இன்னும் அப்படித்தான். ஒவ்வொரு வருசமும் பூ வந்தா வெட்டிடுவேன். சிரிக்காதீங்க. ஊரு ஒலகத்துல எவளாவது மரம் காய்க்கக் கூடாதுன்னு வேண்டிக்குவாளா? நான் வேண்டியிருக்கேன், மாரியம்மன் கோயில்ல.

வாங்க, எழுந்து வாங்க, தூரத்துல காட்ட மாட்டேன். நேத்தே சுத்தி மண்ணப் பறிச்சு வெச்சிருக்கேன். குனிஞ்சு பாருங்க. முள்ளு, பாத்து. இது தொட்டி வெளிம்பு. கையால தொடச்சுப் பாருங்க, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. ப-ன்னு இருக்கா? பண்ணையாரு பேருதான்.

அது சரிதாங்க. சாரங்கபாணியும் அதத்தான் சொல்லுவாரு. ஒடைஞ்ச தொட்டிய எருக்குழியிலேருந்து போன மாசம்கூட எடுத்துட்டு வந்து பொதைச்சிருக்கலாம். எனக்கும் அது தோணுச்சு. அதுக்குத்தான் வேரப் பாருங்கன்னேன். தொட்டி மூணாப் பொளந்திருக்கு பாருங்க, பொளந்த எல்லாத்துலயும் வேரு பின்னிக் கெடக்கு. ஒரு விரல் நொழையாது. இந்தப் பக்கம் வெளியே வந்து, மணல் மேட்டத் தாண்டி, வீட்டுச் செவுத்துக்கு அடியில போயிருக்கு. செவுத்துக்கு அடியிலங்க. இது மெதுவா வளர்ற ஜாதி, வருசத்துக்கு ஒரு சாண் ஏறாது. போன மாசம் வெச்ச செடி இப்படி வேரு விடுமா? உங்க ஆபீசுல விவசாய இலாகா ஆளு இருந்தா கூட்டிட்டு வாங்க. நான் சத்தியம் எல்லாம் பண்ணல, மண்ணத் தோண்டிப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

எழுதிக்கிறீங்களா? எழுதுங்க, எழுதுங்க. நான் பேசல.

பேசாம இருக்க முடியலீங்க. வேற சாட்சியா? ஆளா? ரெங்கம்மா அக்காவக் கேட்டேன். நேத்து சாயங்காலம் ராஜாத்தியக் கூட்டிட்டு ரோட்டோரம் போனேன். அது ராஜாத்திக்குத் தலைய வாரி விட்டுச்சு. ரொம்ப நேரம் வாருச்சு. அப்புறம், எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் பண்ணையிலதானே நடவு, கதிரறுப்பு எல்லாம்னுச்சு. சரிக்கான்னு வந்துட்டேன். கோவமில்ல. நானும் அக்கா எடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பேனோ. அமிர்தலிங்கம் பெரியப்பா இருந்தா வந்திருப்பாரு. போன வருசம் போயிட்டாரு.

ராஜாத்தி அப்பாவா? அவரு வேதாரண்யத்துல இருக்காருங்க. உப்பளத்துல காவலு. ரெண்டு வருசமாச்சு. பண்ணையாரு மச்சினரோட உப்பளம். வேல அவங்க போட்டுக் குடுத்ததுதான். ஓட்டு வீடு ஒண்ணு குடுத்திருக்காங்களாம், சமையல்கட்டு தனி. நீயும் புள்ளையும் வந்துடுங்கடின்னு கூப்பிட்டாரு. கெஞ்சுனாரு. நாந்தான் போவல.

ஏன்னு கேக்குறீங்க. வேலைய விட்டா வீட்ட விடணும், அது ஒண்ணு. அவங்க வீடு அது. இங்க தென்னம்பிள்ளையப் புடுங்குனாங்க, அங்க எங்களையே புடுங்குவாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு தடவ போயிப் பாத்துட்டும் வந்தேன், பஸ்ஸு ஏறி, ராஜாத்தியத் தூக்கிட்டு. தரையெல்லாம் வெள்ள வெளேர்னு. ஒரு புல்லு கெடையாது. ராஜாத்தி எறங்குனதும், அம்மா இங்க எங்க வெளையாடுறதுன்னா. சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிட்டோம். பஸ்ஸு கெளம்புற வரைக்கும் அவரு சன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டே நின்னாரு.

மொதல்ல மாசம் ஒரு தடவ வருவாரு. அப்புறம் தீவாளிக்கு, பொங்கலுக்குன்னு ஆச்சு. போன பொங்கலுக்கு வரல. கரும்பு ரெண்டு கழி வாங்கி வெச்சிருந்தேன். நாங்களே தின்னோம். இல்லீங்க, வேற பொம்பள கிம்பள எல்லாம் கெடையாது. அப்படி ஆளு இல்ல. கூச்சப்படுறாரு, அதான்.

எதுக்குக் கூச்சம்னா... வெயிலு இந்தப் பக்கம் திரும்புது, பலகைய நகத்திப் போடட்டுங்களா?

பேரா? அவரு பேரா? மனுவுல கணவர் பேருன்ற எடத்தக் காலியாத்தாங்க விட்டேன். நாங்க எல்லாம் வீட்டுக்காரரு பேரச் சொல்ல மாட்டோமே, உங்க பக்கத்துல எப்படியோ. ரேசன் கார்டா? அது அவருகிட்ட இருக்கு, வேதாரண்யத்துல. சும்மா விடுங்க சார், மனு என் பேருல, குடியிருக்கிறது நானு. அவரு பேரு எதுக்கு? வேரப் பாத்தீங்க, வருசத்தப் பாத்தீங்க. அது பத்தாதா? செடி ஒரு சாட்சியாவாதா?

ஆவாதா. சரி. எழுதிக் குடுத்த சாட்சி ஒருத்தரு எதிர்ல இருக்கையில செடிய மட்டும் வெச்சுத் தாசில்தாரு ஒத்துக்க மாட்டாருன்னு சொல்றீங்க. நீங்க நல்லவரா இருக்கப் போயி அதச் சொல்றீங்க. ஒண்ணும் சொல்லாம கையெழுத்து வாங்கிட்டுப் போனவரெல்லாம் உண்டு.

காட்டுங்க. அதேதான், நகல்ல பாத்ததுதான். எழுபத்தொண்ணுல மேற்படி எடத்துல குடிசை எதுவும் இல்லன்னும், எனக்கு நேரடியாத் தெரியும்னும்... ஆமா. வேதாரண்யம் உப்பளக் காவலு, மருதையன்.

தெரியுங்க. ஆளத் தெரியும்.

இருங்க சார், ஒரு நிமிசம். இந்தக் கோழி உள்ள பூந்துடுச்சு. ச்சூ.

நீங்க ஏன் இப்படிக் கேக்குறீங்கன்னு புரியுது. இந்தக் கையெழுத்து அவரு போட்டதில்ல, சாரங்கபாணி போட்டுக்கிட்டதுன்னு நான் சொன்னா, இந்தக் காயிதமே நிக்காது. அப்புறம் செடியும் தொட்டியும் போதும். மனை எனக்கு வந்துடும். இல்ல, நீங்க சொல்லித் தரல, அப்படி நான் சொல்லவே மாட்டேன். சாதாரணமாக் கேக்குறீங்க, இது அவரு கையெழுத்தான்னு. நகல் வந்த நாள்லேருந்து நானும் அதத்தாங்க யோசிக்கிறேன். இல்லன்னு சொல்லிட்டா யாருக்கு நட்டம்? அவருக்கும் தொல்லையில்ல, எனக்கும் மனை. சாரங்கபாணி தென்னம்பிள்ளை புடுங்குன ஆளு, அவரு மேல ஒரு பொய்யி விழுந்தா என்ன? ஆமான்னா கையெழுத்துப் போட்டவரு பொய் சொன்னதா ஆவும். சர்க்கார்கிட்ட பொய் எழுதிக் குடுத்தா என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது. அதான் செடியச் செடியக் காட்டுனேன். செடியோட முடிஞ்சிடும்னு பாத்தேன்.

அதுவும் அவரு கெட்டதுக்குப் பண்ணலீங்க. ஒரு கையெழுத்துப் போடு, வேலை, ஓட்டு வீடு, பொண்டாட்டி புள்ளையோட போயி இருந்துக்கன்னு சொல்லியிருப்பாங்க. எங்களுக்குன்னு நெனைச்சுத்தான் போட்டாரு. போட்டுட்டு வந்து சொல்லல. அப்புறம் நான் வர மாட்டேன்னுட்டேன். அவரு திரும்பி வர முடியாதுன்னு ஆயிடுச்சு.

எடுத்து வெக்காதீங்க, இருங்க. இன்னொரு தடவ குடுங்க, வெளிச்சத்துல பாக்குறேன்.

இது அவரு கையெழுத்துதாங்க. நல்லாத் தெரியும். கல்யாணம் ஆகி வந்தப்ப கைநாட்டு. நாந்தான் சொல்லிக் குடுத்தேன், இந்தச் செவுத்துலதான், அடுப்புக்கரியில, எழுபது சித்திரையில. மூணு மாசம் ஆச்சு அவருக்கு. பேரு கோணாம வந்த அன்னிக்கு ஊரெல்லாம் போயிச் சொன்னாரு, எம் பொண்டாட்டி என்னப் படிக்க வெச்சிட்டான்னு. மருதையன் எங்க வீட்டுக்காரருங்க. எழுபதுல இந்த வீட்டுல இருந்தாரு, இந்தக் குழிய வெட்டுனாரு. எழுபத்தொண்ணுல குடிசை இல்லன்னு எழுதிக் குடுத்தது பொய்யி. அதையும் எழுதிக்குங்க. நான் சொன்ன மாதிரியே எழுதுங்க, கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்.

படிச்சுக் காட்ட வேணாம், நானே படிச்சுக்கிறேன்.

சரியா இருக்கு. பேனா குடுங்க. எங்க போடணும், இங்கயா?